அரை அங்குலம்

உடைக்க வேண்டாம் என்றார் ஆரோன் மேஸ்திரி.
உடைத்தால் மூட்டை மூட்டையாக ரோட்டுக்கு ஏற்றணும்,
அறுபத்திரண்டு படி.
கேத்தியில் இப்போது படிக் கணக்கில் கூலி கேட்கிறார்கள்.
அதுவுமில்லாமல் இது மண் வைத்துக் கட்டின கல்சுவர்,
பிரேக்கர் ஓடினால்
அடுத்த வீட்டுத் தொட்டிலும் சேர்ந்து ஆடும்.
மேலேயே ஒட்டிவிடலாம்.

ஒரு ரூபாய்க் காசோடு குனிந்தார்.
தேங்காய்க் கடையில் நிற்கிற முகம்.
டக், டக், டக்,
பிறகு ஓரிடத்தில்
டொப்.
டொப் என்றதற்கெல்லாம் சாக்பீஸில் பெருக்கல் குறி.
எண்ணினால் பதினொன்று.

முதலாவதைப் பெயர்த்தார்.
மூலைக்கு ஒன்றாக நாலு, நடுவில் ஒன்று,
இட்லி ஊற்றினாற்போல் சிமெண்ட்.
மிச்சமெல்லாம் காற்று.
'யாருங்க ஒட்டினது?'
நான் சுகிர்தாவைப் பார்த்தேன்.
சுகிர்தா பாலை இறக்கப் போனாள்.
ஒட்டினது அவள் தம்பி தேவாசீர்,
எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வாரம்,
வேலை பழகிக்கொண்டிருந்த கையால்.
இப்போது தோஹாவில் பெரிய ஓட்டல்களுக்கு ஒட்டுகிறான்.

பத்து பெயர்ந்தது. பதினோராவது
அடுப்படிக்குத் திரும்புகிற இடத்தில்.
'அது கெடக்கட்டும்' என்றாள்.
மேஸ்திரி காசால் இன்னொரு தரம் தட்டிக் காட்டினார்.
'கேக்குது. கெடக்கட்டும்.'
வருஷத்துக்குள் மேல் டைல் விரிசல் விடும், என் பேர் கெடும் என்றார்.
'உங்க பேரை எடுக்க மாட்டோம்.'
சாக்பீஸ் குறியை அவளே காலால் தேய்த்து அழித்தாள்.

சுக்ராம் கிரைண்டரால் பழைய பளபளப்பைக் கீறினான்.
ஜன்னல் வழியே தூசி வெளியே போனது,
மேகம் உள்ளே வந்தது,
இரண்டும் ஒரே வெள்ளை.
பசையைக் குழைத்துச் சீப்புக் கரண்டியால் இழுக்க இழுக்க
எதிர்ச் சரிவில் கேரட்டுக்குப் பிடித்த பாத்தி
எங்கள் முன்னறையிலும் விழுந்தது.

கடைசி டைலை வைத்துவிட்டுப் பின்வழியாக வந்த பிறகுதான்
மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது,
உள்ளே திறக்கிற கதவு.
காலையில் திறந்து வைத்தது.
அரை அங்குலம் ஏறிய தரை
அதை அப்படியே சுவரோரம் பிடித்துக்கொண்டது.
'நாளைக்கு ஆசாரியைக் கூட்டியாறேன்.
ரெண்டு நாள் மிதிக்காதீங்க, இது ஜனவரி.'

அடுப்படியில் மூன்று பேர் படுத்தோம்.
மகள் குல்லாயோடும் சாக்ஸோடும்.
வாசல் ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்தது.
யாரும் உள்ளே வர முடியாது,
நாங்களும் அவ்வழியே வெளியே போக முடியாது.
மூன்று மணிக்கு எழுந்து எட்டிப் பார்த்தேன்.
பள்ளத்தாக்கின் விளக்குகள் நேராக வீட்டுக்குள் தெரிந்தன.
மூலைக்கு மூலை வெள்ளைப் பிளாஸ்டிக் கூட்டல் குறிகள்
உறைபனிக்கு விறைத்து நின்றன.

போஜன் பலகை பாவிக் கதவைக் கழற்றினார்.
இழைப்புளியில் சுருண்டு வந்தது
எங்கள் பழுப்பு, அதற்கடியில் நீலம்,
அதற்கும் அடியில் யாருடையதோ ஒரு பச்சை.
மகள் பச்சைச் சுருளைப் பொறுக்கிக்கொண்டாள்.
ஸ்டேஷன் மஞ்சள் பலகையில்
கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை என்று எழுதியிருக்கிறதே,
நம் வீட்டுக்கு மட்டும்
அதில் அரை அங்குலம் கூட்டணுமா, என்று கேட்டாள்.
கூட்டணும் என்றேன்.

சனிக்கிழமை ராத்திரி ஷிஃப்ட் முடிந்து
அருவங்காட்டிலிருந்து நடந்தே வந்தேன்.
அறுபத்திரண்டு படி இறங்கி,
சத்தமில்லாமல் மூடுகிற கதவை மூடி,
விளக்குப் போடாமல்,
தண்ணீர் குடிக்கத் திரும்பினேன்.

டொப்.
முன்னைவிடக் கொஞ்சம் கனத்த தொண்டையில்.

உள்ளறையிலிருந்து கண்ணைத் திறக்காத குரல்,
'ரசம் மூடி வெச்சிருக்கு.'